நீல மை, கறுப்பு மை

டாக்டரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தின ராத்திரி எனக்கு ஒரு வேலை இருக்கும். எல்லாரும் படுத்த பிறகு அடுப்படி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு சுகர் நோட்டை விரித்து உட்காருவேன். தேதி, காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட நோட்டு. மூன்று மாத எண்களை அந்த ஒரே ராத்திரியில் எழுதி முடிக்க வேண்டும். 118, 126, 109, 134. நடுவில் ஒரு 170 போடுவேன். எல்லாம் நன்றாக இருந்தால் சந்தேகம் வந்துவிடும். ஒரு வாரத்துக்கு நீல மை, அடுத்த நாலு நாளுக்குக் கறுப்பு மை, இடையில் ஒரு நாள் பென்சில். அந்தந்த நாளில் எழுதியதுபோல இருக்க வேண்டும். ஒரு தடவை காபி டம்ளரை ஒரு பக்கத்தின் மேல் வைத்து எடுத்தேன், கறை படியட்டும் என்று.

அந்த மூன்று மாதத்தில் நான் விரலைக் குத்திப் பார்த்தது இருபது தடவைகூட இருக்காது. குத்தினால் எண் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கு முழுக்க அதே நினைப்பாக இருக்கும்.

மறுநாள் டாக்டர் நோட்டைப் புரட்டுவார். பக்கத்திலேயே லேப் ரிப்போர்ட் இருக்கும். நாம் 'மூணு மாச சுகர்' என்று சொல்கிற ஹெச்பிஏ1சி அதில் 10.4. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் அந்த ஒரு சொட்டு ரத்தமே கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். 10.4 என்றால் சராசரி 250 பக்கம். என் நோட்டின் சராசரியோ 130ஐத் தாண்டாது. அவர் இரண்டையும் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கவனமா இரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. எட்டு வருடம் இப்படியே போனது.

எனக்கு இருப்பது டைப் 1 சர்க்கரை நோய். பத்தொன்பது வயதில், திருநெல்வேலியில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது வந்தது. இரண்டே மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். ஹாஸ்டல் தோழிகள் "எப்படிடி மெலிஞ்ச?" என்று கேட்டார்கள், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் வாந்தி, மூச்சிரைப்பு, ஐசியூ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழித்துவிடும் நோய் இது. இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, மாத்திரைக்கும் அடங்காது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர் தங்கும்.

சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் தெருவில் சுகர் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்குத் துணை இல்லாமல் போகுமா என்று கேட்பீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது டைப் 2, இன்சுலின் சுரந்தும் உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாத வகை. பெரியப்பா காலையில் நடந்து கட்டுக்குள் வைத்திருந்தார். அத்தை வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். அடுத்த வீட்டு ஆச்சி சிறுகுறிஞ்சான் பொடியை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, "இந்த ஊசிய விட்ரு தாயி, பழகிரும்" என்றார். எல்லாம் பிரியத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு நாளைக்கு நாலு ஊசி போடுகிற இருபது வயசுப் பெண்ணை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "வெளிய சொல்லாத. நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும்." அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது, இப்போதும் புரிகிறது. நான் பாத்ரூமில் நின்று ஊசி போடப் பழகிக்கொண்டேன். கல்யாண மண்டப பாத்ரூம், பஸ் ஸ்டாண்ட் பாத்ரூம், வேலைக்குச் சேர்ந்த பிறகு பள்ளிக்கூட பாத்ரூம்.

அப்படி ஓர் ஆஸ்பத்திரி பாத்ரூமில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு. வாஷ் பேசின் பக்கத்தில் சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஊசியைச் சொருகிக்கொண்டிருந்தேன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. உள்ளே வந்தவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். நான் அவசரமாகத் துணியை இறக்கினேன். அவர் பையைத் திறந்து அதே மாதிரி ஒரு பேனா ஊசியை எடுத்துக் காட்டினார். "எம் பையனுக்கு. ஒம்போது வயசு. வெளிய உக்காந்திருக்கான்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் போன் நம்பரைக் கேட்டார். அன்று சாயங்காலமே ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்.

அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் டைப் 1, இல்லாவிட்டால் டைப் 1 குழந்தையின் அம்மாவோ அப்பாவோ. மதுரை, ஈரோடு, மட்டக்களப்பு, மலேசியாவில் கிள்ளான், மஸ்கட்டில் ஒரு கிடங்கில் ராத்திரி காவல் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். நான் பேசவில்லை. முதல் சில நாள் படிக்க மட்டும் செய்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒருவர் எழுதினார்: "312. கல்யாண வீட்டுல ரெண்டு ஜாங்கிரி. கணக்கு தப்பாயிருச்சு."

எனக்கு நெஞ்சு படபடத்தது. இப்படிக்கூட ஒருவர் வெளிப்படையாக எழுதுவாரா? இப்போது எல்லாரும் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். கீழே வந்த பதில்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். "தண்ணி நிறைய குடிங்க." "வாந்தி இருக்கா? கீட்டோன் பாத்தீங்களா?" (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேர்கிற அமிலம் அது.) "யார் வீட்டுக் கல்யாணம்?" கடைசியில் கிள்ளான் அக்கா: "ஜாங்கிரி நல்லா இருந்துச்சா?"

நான் கணக்கு டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள். மீட்டரில் வரும் எண்ணும் எனக்கு மார்க்காகத்தான் இருந்தது. 110 என்றால் நல்ல பெண், 300 என்றால் கெட்ட பெண். இந்தக் குழுவில் 312 என்பது வெயில் எவ்வளவு என்று சொல்வதைப் போல இருந்தது. வெயில் அதிகமென்றால் குடை எடுத்துக்கொள்கிறோம். யாரும் அழுவதில்லை. அந்த ராத்திரி நான் விரலைக் குத்தினேன். 276. எட்டு வருடத்தில் முதல் தடவையாக உண்மையான எண்ணை இன்னொருவருக்கு எழுதினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், "வாங்க சிஸ்டர், இப்பதான் பேசுறீங்க" என்று மஸ்கட் அண்ணன் எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவர்களால் எனக்கு உதவவும் முடிந்தது. பொய் நோட்டுக்கு யார் என்ன யோசனை சொல்ல முடியும்?

ஊசி சரியாகப் போட்டும் எண் குறையவில்லை என்று எழுதினேன். எங்கே போடுகிறேன் என்று அண்ணன் கேட்டார். தொப்புளுக்கு இடது பக்கம், இரண்டு விரல் தள்ளி. எட்டு வருடமாக அங்கேதான், ஏனென்றால் அங்கே வலிக்காது. "மல்லாக்கப் படுத்துக்கிட்டு விரலால தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கொழுக்கட்டை போல மெத்தென்று ஒரு வீக்கம். ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் அங்கே கொழுப்புத் திரண்டுவிடும். அதற்குள் போகிற இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. வலிக்காததற்குக் காரணமும் அதுதான். உடனே வேறு இடத்தில் போடப் போனவளை அவர்தான் நிறுத்தினார்: புது இடத்தில் மருந்து நன்றாக ஏறும், அதே அளவைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும், முதலில் டாக்டரிடம் கேளுங்கள் என்று. கேட்டேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அளவைக் குறைத்துத்தான் எழுதினார்.

இன்னொன்று, எங்கள் ஊர்ச் சமாச்சாரம். சர்க்கரை இறங்கினால் சாப்பிட என்று கைப்பையில் எப்போதும் கடலை மிட்டாய் வைத்திருப்பேன். கோவில்பட்டிக்காரிக்கு வேறு என்ன தோன்றும்? குழுவில் சொன்னபோது நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். கடலையில் இருக்கும் கொழுப்பு, வெல்லம் ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். 70க்குக் கீழே இறங்கும்போது நமக்கு வேண்டியது வேகம். குளுக்கோஸ் பவுடரோ வெறும் சீனியோ 15 கிராம், கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன். பிறகு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். 2020ல் எங்கள் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கிள்ளான் அக்கா வாழ்த்துச் சொல்லிவிட்டு, "பையில குளுக்கோஸ் இருக்குல்ல?" என்று கேட்டார்.

சிரிஞ்ச் விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் பாட்டில் வாங்கும் ஒருவருக்கு இரண்டு வாரமாகச் சர்க்கரை 350க்குக் கீழே வரவில்லை. மருந்து கெட்டுவிட்டதா, பிரிட்ஜில் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைத்தீர்களா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில், ஆஸ்பத்திரியில் நான் பார்த்த அந்தப் பையனின் அம்மா, "பாட்டிலையும் ஊசியையும் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ போடுங்க" என்றார். போட்டோ வந்த மறு நொடி: "மூடி ஆரஞ்சு!" நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் பாட்டில் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கானது. மெடிக்கலில் கொடுத்ததை இவர் அப்படியே வாங்கி வந்திருக்கிறார். 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். இதுவே தலைகீழாக நடந்திருந்தால், 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 வரை இழுத்திருந்தால், 25 யூனிட் போயிருக்கும். ஆள் பிழைப்பதே கஷ்டம். சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இல்லாத வரிசையில் நின்று மருந்து வாங்குகிறவருக்கு, தினமும் ஊசியைக் கையில் பிடிக்கிற இன்னொருவரின் கண் தேவைப்பட்டது.

மின்சாரம் அடிக்கடி போகிற ஊர்க்காரர்கள் மண்பானை வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்தை ஈரம் படாத ஒரு டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றிய பானைக்குள் நிழலில் வைப்பது. பொதுத்தேர்வு ஹாலில் பையனை மிட்டாய் கொண்டுபோக விடவில்லை என்று ஒரு அப்பா புலம்பியபோது, டைப் 1 மாணவர்கள் தின்பண்டமும் தண்ணீரும் எடுத்துப் போகலாம் என்று சிபிஎஸ்இ 2017லேயே அனுமதித்த உத்தரவை ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார். மறு தேர்வுக்கு அவன் சட்டைப்பையில் மிட்டாயோடு போனான்.

இனி அந்த ராத்திரி.

அப்போது விருதுநகரில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். பத்து மணிக்கு 280 இருந்தது, சரிக்கட்ட ஊசி போட்டேன். பதினொன்றரைக்குப் பார்த்தால் 240. கோபம் வந்து இன்னொரு ஊசி போட்டேன். வேகமாக வேலை செய்யும் இன்சுலின்கூட உடம்பில் நாலு மணி நேரம் இருக்கும் என்பது தெரிந்தும் போட்டேன். மூன்று மணிக்கு முழிப்புத் தட்டியபோது நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. மீட்டரில் 48. அடுப்பு மேடைக்குத் தவழ்ந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் தீர்ந்திருந்தது. சீனி டப்பாவின் மூடி இறுகியிருந்தது, திறக்க முடியவில்லை. குழுவில் "48" என்று மட்டும் எழுதினேன். வேறு எழுத்து வரவில்லை.

கிள்ளானில் அப்போது விடியற்காலை ஐந்தரை மணி. போன் அடித்தது.

"சீனி போட்டியா?"

"மூடி தொறக்கல."

"விடு. வேற என்ன இருக்கு?"

"கூல் டிரிங்க்ஸ்... பாதி பாட்டில்."

"டயட்டா, சாதாவா? லேபிளப் பாரு."

அந்த நேரத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. டயட் என்றால் அதில் சீனியே இல்லை, குடித்தும் பயனில்லை. சாதாதான். அரை டம்ளர் குடிக்கச் சொன்னார். "போன வைக்காத. நீ பேச வேணாம், நான் பேசுறேன்." மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு மீகூன் என்கிற அரிசி சேமியாவைப் பிரட்டிக்கொண்டிருந்தார். சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. அவள் முட்டை வேண்டாம் என்கிறாள், பஸ் ஆறரைக்கு வரும், நேற்று முழுக்க மழை என்று பேசிக்கொண்டே போனார். 15 நிமிடம் கழித்து 71. "இன்னும் கொஞ்சம் இரு." அப்புறம் 94. இரண்டு பிஸ்கட் சாப்பிட வைத்தார். ஏன் இரண்டாவது ஊசி போட்டாய் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கேட்டார், நானும் சொன்னேன். அவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

எங்கள் குழுவில் இரண்டு விஷயத்துக்குத் தடை உண்டு. யாரும் யாருக்கும் 'இத்தனை யூனிட் போடு' என்று சொல்லக் கூடாது. எதையும் விற்கக் கூடாது. வாந்தியும் கூடவே சர்க்கரை ஏற்றமும் என்று யாராவது எழுதினால் ஒரே பதில்தான்: போனை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. சர்க்கரையை வேரோடு அறுக்கும் சூரணம் என்று ஒருவர் உள்ளே நுழைந்து தனித்தனியாக எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ம் வருடச் சட்டமே தடுக்கிறது, ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஆறு வயது மகளுக்கு ராத்திரி ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒரு அப்பா கேட்டார். பையனின் அம்மா அவரிடம் இரண்டு மணி நேரம் போனில் பேசினார். அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிஞ்சுத் தொடையில் தினம் நாலு தடவை குத்துகிறவருக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா?

கொரோனாவுக்கு அப்புறம் குழுவில் பல பேர் கையில் சென்சார் வந்தது. 14 நாள் தோளில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை ஏறி இறங்குவதைப் போனில் கோடு கோடாகக் காட்டும். விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை; அதனால் மூன்று மாதத்துக்கு ஒன்று போடுகிறவர்கள்தான் அதிகம். பையனின் அம்மா வேறு அறையில் இருந்தாலும் அவன் சர்க்கரை அவர் போனில் தெரியும். இந்த மாதிரி வசதிக்கு வழி போட்டதே ஒரு தகப்பன்தான். 2013ல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்பவர், நாலு வயது மகன் இவான் பள்ளியில் இருக்கும்போது அவனுடைய சென்சார் எண்ணை அலுவலகத்திலிருந்தே பார்க்கத் தானே ஒரு நிரல் எழுதினார். மற்ற பெற்றோரும் நோயாளிகளும் சேர்ந்து அதை நைட்ஸ்கவுட் என்று வளர்த்து, இலவசமாகவே எல்லாருக்கும் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் செய்துகொடுக்கும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை, பிள்ளை தூங்குகிறான் அல்லவா.

சென்சாரில் பொய் எழுத முடியாது. அது நல்லது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு தங்கை எழுதினாள்: தன் கோடு மேலே ஏறும்போதெல்லாம் கணவர் ஆபீஸிலிருந்து போன் செய்து "என்ன தின்ன?" என்று கேட்கிறார், அதனால் கழற்றி வைத்துவிட்டேன் என்று. அவள் நோட்டிலும் இப்போது நீல மை, கறுப்பு மை எல்லாம் இருக்கும். எண்ணைப் பார்க்கிறவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று பேர் அந்தக் கணவரிடம் பேச முன்வந்தார்கள், மூன்று பேருமே கணவர்கள்.

என் கல்யாணப் பேச்சு வந்தபோது சொல்வதா மறைப்பதா என்று குழுவிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நான் சொன்னேன். ஒரு வீட்டார் காபி டம்ளரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்து வந்தவர் யோசித்துவிட்டு, "ராத்திரி சர்க்கரை இறங்கினா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். இப்போது எங்கள் வீட்டில் சீனி டப்பாவுக்கு மூடி கிடையாது, மேலே ஒரு தட்டுத்தான். எறும்பு வருகிறது. வரட்டும்.

போன மாதம் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பதினேழு வயதுப் பெண் ஒருத்தி குழுவில் சேர்ந்தாள். முதல் நாளே தன் சுகர் நோட்டைப் போட்டோ எடுத்துப் போட்டாள். 112, 121, 108, 130, 117. எல்லாரும் கைதட்டல் போட்டார்கள். நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து நாள் நீலம், மூன்று நாள் கறுப்பு, ஒரு நாள் பச்சை. எல்லா 1களும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்.

தனியாக அவளுக்கு எழுதினேன். "அக்காவுக்கு இன்னைக்குக் காலையில 287. நேத்து ராத்திரி ஊசி போடாமலே தூங்கிட்டேன்."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் முழுக்கவும் இல்லை. அதற்கும் மறுநாள் சாயங்காலம், பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது.

"341. இப்பதான் பாத்தேன் அக்கா. குரூப்ல சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன். வாந்தி, வயித்துவலி இருக்கா?"

"இல்ல."

"சரி. ஒரு சொம்புத் தண்ணி குடி. கீட்டோன் ஸ்ட்ரிப் இருக்கா?"

"அப்படின்னா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.